ஏ2 நெய் வாங்கறீங்க, சரி. டேர்ம் பாலிசி எங்க?

போன மாசம் நம்ம சேனல் பார்க்கிற ஒருத்தர் தன்னோட மாதச் செலவு எக்ஸெல் ஷீட்டை அனுப்பியிருந்தார். 29 வயசு, சோழிங்கநல்லூர்ல ஐடி வேலை. மனைவிக்குச் சொந்த ஊர் நாகர்கோவில், அவங்களும் வேலைக்குப் போறாங்க. "சார், டேர்ம் இன்ஷூரன்ஸ் எடுக்கணும்னு ரெண்டு வருஷமா நினைக்கிறேன், கையில காசு நிக்க மாட்டேங்குது. எங்க குறைக்கலாம்?" இதுதான் கேள்வி. (அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன்.)

வழக்கம்போல வாடகை, இஎம்ஐ, ஸ்விக்கி, ஓடிடி எல்லாம் பார்த்துக்கிட்டே வந்தேன். ஒரு வரியில நின்னுட்டேன். "எண்ணெய், நெய்: 3,690." ரெண்டு பேர் இருக்கிற வீடு. பிரிச்சுக் கேட்டேன். ஏ2 நெய் ஒரு லிட்டர் 1,900. விர்ஜின் தேங்காய் எண்ணெய் அரை லிட்டர் பாட்டில் ரெண்டு, 1,150. செக்கு கடலை எண்ணெய் ரெண்டு லிட்டர் 640.

ஏன் இவ்வளவுன்னு கேட்டதுக்கு வந்த பதில்தான் இந்தப் பதிவுக்குக் காரணம். ரெண்டு வருஷம் முன்னாடி அவர் அப்பாவுக்கு ஸ்டென்ட் வெச்சாங்களாம். "அதுக்கப்புறம் ரீஃபைண்டை நிறுத்திட்டு நல்ல கொழுப்புக்கு மாறிட்டோம் சார். இது செலவு இல்ல, ஹெல்த்ல பண்ற இன்வெஸ்ட்மென்ட்."

இன்வெஸ்ட்மென்ட்ங்கிற வார்த்தையைக் கேட்டா ஒரு ஆடிட்டரால சும்மா இருக்க முடியாது. என் கருத்தை நேரா சொல்லிடறேன். தேங்காய் எண்ணெயும் நெய்யும் ருசிக்காக வாங்கற பொருட்கள். ருசிக்காக வாங்குங்க, அளவா வாங்குங்க. பாதுகாப்புன்னு நினைச்சு அதுக்கு மூணு மடங்கு விலை கொடுக்காதீங்க.

முதல்ல ஏ2. இந்தப் பெயர் பாலில் இருக்கிற பீட்டா கேசீன் என்கிற புரதத்தோட வகையைக் குறிக்குது. நெய்யில புரதம் எங்க இருக்கு? விதிப்படி நெய்யில குறைந்தது 99.5 சதவீதம் பால் கொழுப்பு இருக்கணும். வெண்ணெயைக் காய்ச்சும்போது அடியில தங்குற கசடோட புரதமும் போயிடுது. அதாவது பாட்டிலுக்குள்ள இல்லாத ஒண்ணுக்கு லிட்டருக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல அதிகம் கொடுக்கறோம். 2024 ஆகஸ்ட் 21-ல் எஃப்எஸ்எஸ்ஏஐ இதையே சொல்லி, பால் பொருட்கள்ல இருந்து ஏ1, ஏ2 வாசகங்களை எடுக்கச் சொன்னது. அஞ்சே நாள்ல, 26-ம் தேதி, அந்த உத்தரவை வாபஸ் வாங்கிட்டாங்க. உத்தரவு போனதால நெய்க்குள்ள புரதம் வந்துடல.

நாட்டு மாட்டு நெய்யோட மணம் பிடிக்கும், அந்த மாடு வளர்க்கிறவருக்குக் காசு போகட்டும்னு வாங்கறீங்கன்னா எனக்கு ஆட்சேபணை கிடையாது. ஆனா அது விருப்பச் செலவு. ஷீட்ல "ஹெல்த்" தலைப்புல எழுதாதீங்க.

இன்னொரு பக்கம், விலை ரொம்பக் குறைவா இருந்தாலும் உஷாராகணும். இதுக்கு ஒரு சின்ன காஸ்ட் ஷீட் போதும். 4 சதவீதம் கொழுப்பு உள்ள பசும்பால்னா ஒரு கிலோ நெய்க்குச் சுமார் 25 லிட்டர் வேணும். ஆவின் கொள்முதல் விலை ஊக்கத்தொகை இல்லாம லிட்டர் 35 ரூபாய்னு எடுத்தாலே பாலுக்கு மட்டும் 875. கொழுப்பு எடுத்த பாலைப் பவுடராக்கி வித்து ஒரு பகுதியை மீட்கலாம், அதனாலதான் நெய் 700 ரூபாய் அளவுல கிடைக்குது. திருப்பதி லட்டு சர்ச்சையில கிலோ சுமார் 320 ரூபாய்க்கு நெய் சப்ளைன்னு செய்தி வந்தப்போ, லேப் ரிப்போர்ட்டுக்கு முன்னாடியே அந்த விலைதான் என்னை உறுத்துச்சு.

தேங்காய் எண்ணெய்க்கும் இதே கணக்குதான். ஒரு கிலோ எண்ணெய்க்குச் சுமார் 1.6 கிலோ கொப்பரை ஆகும். பத்துப் பன்னிரண்டு தேங்காய்னு வெச்சுக்கோங்க. காங்கேயம், அவல்பூந்துறை பக்கத்து கொப்பரை விலை பேப்பர்ல அடிக்கடி வரும். அதை 1.6-ஆல பெருக்குங்க. புண்ணாக்கு வித்துக் கொஞ்சம் திரும்ப வரும், ஆனா ஆட்டற கூலி, பாட்டில், கடைக்காரர் லாபம் எல்லாம் மேல சேரும். 2025 நடுவுல கொப்பரை கிலோ 200 ரூபாயைத் தாண்டுச்சு. அப்போ கொப்பரைக்கே 320 ரூபாய்க்கு மேல. அந்த நேரத்துல "சுத்தமான மரச்செக்கு, கிலோ 220"னு யாராவது வித்திருந்தா, உள்ள என்ன இருந்துச்சுன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. ஃப்ரிட்ஜ்ல வெச்சா உறையுதான்னு பார்க்கிற டெஸ்ட்டை ரொம்ப நம்பாதீங்க. பனங்கொட்டை எண்ணெயும் கிட்டத்தட்ட அப்படித்தான் உறையும்.

விர்ஜின்னா கொப்பரை இல்லாம பச்சைத் தேங்காயில இருந்து எடுக்கறது. வாசனை அருமையா இருக்கும், ஒத்துக்கறேன். ஆனா அதை வாணலியில ஊத்தி அப்பளம் பொரிச்சா அந்த வாசனைக்குக் கொடுத்த காசு புகையாப் போயிடும். அவியல் இறக்கினதும் மேல ஒரு ஸ்பூன் விட மட்டும் வெச்சுக்கோங்க. தாளிக்கிறதுக்கு சாதாரண தேங்காய் எண்ணெயே போதும்.

ஒரு வரி விஷயம், என்னால சொல்லாம இருக்க முடியல. சின்ன பாட்டில்ல வர்ற தேங்காய் எண்ணெய் சமையலுக்கா, தலைக்கா? இந்தக் கேள்வி பல வருஷம் கோர்ட்ல இருந்துச்சு. சேலம் கலால் துறை ஆணையர் போட்ட வழக்கு அது. 2018-ல் சுப்ரீம் கோர்ட்ல ரெண்டு நீதிபதிகளும் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னாங்க. கடைசியில 2024 டிசம்பர் 18-ல் மூணு நீதிபதிகள் அமர்வு, பாட்டில் சின்னதா இருக்குங்கிற ஒரே காரணத்தால அது ஹேர் ஆயில் ஆகிடாதுன்னு முடிச்சு வெச்சது. இவ்வளவு சண்டையும் வரி வித்தியாசத்துக்காக. ஜிஎஸ்டியில சமையல் எண்ணெய்னா 5 சதவீதம், ஹேர் ஆயில்னா 18 சதவீதமா இருந்துச்சு. 2025 செப்டம்பர் 22 முதல் ரெண்டுமே 5. நமக்கு வேண்டியது இவ்வளவுதான்: லேபிள்ல எஃப்எஸ்எஸ்ஏஐ லைசென்ஸ் நம்பர் இருக்கான்னு பாருங்க, இருந்தா அடுப்படிக்கு.

அதே தேதியில நெய்க்கும் 12-ல் இருந்து 5 சதவீதமா குறைஞ்சது. 1,900 ரூபாய் நெய்யில அது 119 ரூபாய். நண்பர்கிட்ட 2025 ஆகஸ்ட் பில்லைத் தேடச் சொன்னேன். அப்பவும் 1,900, இப்பவும் 1,900.

சரி, அளவு. அவங்க வீட்டுல மாசம் நாலு லிட்டர். லிட்டருக்கு 910 கிராம்னு போட்டா, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 60 கிராம். உட்கார்ந்து வேலை பார்க்கிறவங்களுக்கு ஐசிஎம்ஆர் வழிகாட்டுதல் 25 கிராம் அளவுலதான் வருது. நான் டாக்டர் இல்ல, ஆனா கூட்டல் தெரியும். ஒரு மேஜைக்கரண்டி தேங்காய் எண்ணெயில 11, 12 கிராம் நிறைவுற்ற கொழுப்பு இருக்கு, நெய்யில 8, 9 கிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்ற உச்சவரம்பை 2,000 கலோரிக்குக் கணக்கு பண்ணினா நாளைக்கு 22 கிராம். ரெண்டு கரண்டி தேங்காய் எண்ணெய்லயே கோட்டா முடிஞ்சது. செக்கு, விர்ஜின், ஏ2, பிலோனா எதுவா இருந்தாலும் இந்த எண் பெருசா மாறாது. அப்பாவுக்கு ஸ்டென்ட் வெச்ச வீட்டுல, அதுக்குப் பயந்து, நிறைவுற்ற கொழுப்பையே காசு கொடுத்துக் கூட்டிக்கிட்டு இருந்திருக்காங்க.

நாங்க ரெண்டு பேரும் போன்ல உட்கார்ந்து மாத்தினது இது: கடலை எண்ணெய் ஒரு லிட்டர், செக்குத் தேங்காய் எண்ணெய் அரை லிட்டர், சாதாரண நெய் 200 மில்லி. மொத்தம் 700 ரூபாய்க்குள்ள, ஆளுக்கு நாளைக்கு 26 கிராம். தேங்காய் எண்ணெயை இன்னும் குறைக்கலாமேன்னு கேட்டேன். "நாகர்கோவில்காரிகிட்ட கேட்கிற கேள்வியா சார் இது?"ன்னு பக்கத்துல இருந்து குரல் வந்தது. நியாயம்தான், விட்டுட்டேன். நெய்யும் பருப்பு சாதத்துக்கு உண்டு, தோசைக்கு மட்டும் கட்.

மிச்சம் மாசம் மூவாயிரம். இந்த இடத்துல நான் எஸ்ஐபி போட்டு 20 வருஷத்துல எவ்வளவு ஆகும்னு கிராஃப் காட்டுவேன்னு எதிர்பார்ப்பீங்க. வேண்டாம். முதல்ல ரெண்டு பேருக்கும் லிப்பிட் ப்ரொஃபைல் டெஸ்ட் எடுக்கச் சொன்னேன். பழைய வரி முறையில இருக்கிறவங்களுக்கு முன்னெச்சரிக்கை மருத்துவப் பரிசோதனைக்கு 5,000 ரூபாய் வரை கழிவும் உண்டு. அடுத்தது ரெண்டு வருஷமா தள்ளிப் போட்ட அந்த 1 கோடி டேர்ம் பாலிசி. அவர் வயசுக்கு மாசம் ஆயிரத்தைச் சுத்தித்தான் வரும், 2025 செப்டம்பர் 22-க்கு அப்புறம் அதுக்கு ஜிஎஸ்டியும் கிடையாது. அப்பாவோட ஸ்டென்ட்டை ஃபார்ம்ல மறைக்காம எழுதுங்கன்னும் சொன்னேன்.

போன வாரம் மெசேஜ் பண்ணியிருந்தார். இன்ஷூரன்ஸ் கம்பெனியோட மெடிக்கல் டெஸ்ட்ல எல்டிஎல் அதிகமா வந்திருக்கு. ப்ரீமியத்தை ஏத்திக் கேட்டிருக்காங்க. நெய்யாலதான்னு நான் சொல்ல மாட்டேன், அப்பாகிட்ட இருந்து வந்ததாவும் இருக்கலாம், அதை டாக்டர்தான் சொல்லணும். "27 வயசுல எடுத்திருந்தா சார்..."னு ஆரம்பிச்சார். ஏத்தின ப்ரீமியத்தையே கட்டிடுங்கன்னு சொல்லியிருக்கேன். பாலிசி டாக்குமென்ட் இன்னும் வரலை.