சான்றிதழா, சாயத்தொட்டியா?

கைத்தொழில் என்றால் நம்மவரிற் பலர் முகஞ்சுளிக்கின்றனர். உத்தியோகம் என்றால் நிமிர்ந்து உட்காருகின்றனர். ஆதலால், துணிக்குச் சாயமிடும் பயிற்சியைப் பற்றி ஓர் அரசியல் ஏட்டில் எழுதப் புகுந்தால், "இதற்கும் அரசியலுக்கும் யாது தொடர்பு?" என்று வினவுவார் இருக்கக்கூடும். தொடர்பு உண்டு. நிலம், நீர், உழைப்பு, சாதி, சட்டம் ஆகிய ஐந்தும் ஒரு சாயத்தொட்டிக்குள் வந்து கூடுகின்றன என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சென்ற மாதம் வலிகாமத்துக் கிராமமொன்றின் சனசமூக நிலையத்தில் நடந்த சாயப் பயிற்சியின் நிறைவு வைபவத்துக்கு என்னை அழைத்திருந்தனர். மூன்று நாட் பயிற்சி. நாற்பது பெண்டிர். மங்கல விளக்கு, மாலை, வரவேற்புரை, எல்லாம் குறைவின்றி நடந்தன. சான்றிதழ்களை என் கையாலேயே வழங்கினேன். கூட்டம் கலைந்தபின், போரிலே கணவனை இழந்த தாய் ஒருத்தி என்னிடம் வந்து, "ஐயா, இதோடு என்னிடம் மூன்று சான்றிதழ் இருக்கிறது. சாயம் போட ஒரு தொட்டிதான் இல்லை" என்றார். மூன்று நாளில் எத்தனை முறை துணியைத் தம் கையால் சாயத்தில் இட்டார் என்று கேட்டேன். "ஒரு முறைகூட இல்லை, முன்வரிசையில் இருந்தவர்கள் இட்டார்கள், நாங்கள் பார்த்தோம்" என்றார். நான் வழங்கிய சான்றிதழ் எதற்குச் சான்று? அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

இத்தொழில் நமக்குப் புதிதன்று. இம்பூறல் என்றும் சாயவேர் என்றும் வழங்கும் சிறு பூண்டு மன்னார், யாழ்ப்பாண மணற்பாங்குகளில் விளைவது. அதன் வேர்ப்பட்டையிலிருந்து எடுத்த செஞ்சாயத்தால் நம் முன்னோர் துணி தோய்த்தனர். 1658 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் அவ்வேரின் வாணிபத்தைத் தம் கும்பினியின் பிடிக்குள் வைத்தனர். வேர் தோண்டுவது ஒரு சாதியார்மீது சுமத்தப்பட்ட கடமை, சாயமிடுவது மற்றொரு சாதியாரின் தொழில், இலாபம் கும்பினிக்கு. 1868 ஆம் ஆண்டில் கிரேபே, லீபர்மான் என்னும் செருமனிய இரசாயன அறிஞர் இருவர் அலிசாரின் என்னும் செஞ்சாயப் பொருளைச் செயற்கையாக ஆக்கினர். நம் சாயவேரில் இருப்பதும் அதே அலிசாரின்தான். 1897 ஆம் ஆண்டில் செயற்கை நீலமும் சந்தைக்கு வந்தது. ஆலைச் சாயம் மலிந்தது, வேரைத் தேடுவாரில்லை. அறிவு ஒரு சாதியின் வீட்டுக்குள் பூட்டப்பட்டிருந்தமையால், அந்த வீடு தொழிலைக் கைவிட்ட அன்றே அறிவும் அழிந்தது. அனைவருக்கும் கற்பித்திருந்தோமாயின் இவ்வாறு நேர்ந்திருக்குமா?

ஆகவே, இன்று தொடங்கும் எந்தப் பட்டறையிலும் முதல் விதி இதுவாக இருத்தல் வேண்டும்: எச்சாதியாரும் ஒரே தொட்டியிற் கைவிட்டுக் கற்க வேண்டும். அதற்கு இணங்காத கிராமத்தில் பட்டறை வேண்டா.

இனி, பட்டறை ஏன் சிறிதாக இருக்க வேண்டும்? அவுரி நீலத்தையே எடுத்துக்கொள்வோம். அவுரித் தழையை நீரில் ஊறவைத்துப் புளிக்கச் செய்து, அந்நீரை நன்றாகக் கடைந்தால் நீலம் அடியிற் படியும். அந்நீலம் நீரிற் கரையாது. உயிர்வளி நீங்கிய காரத்தொட்டியில் அதனை மீண்டும் புளிக்க வைத்தாலே கரையும். அப்போது தொட்டிநீர் மஞ்சட்பச்சையாக மாறும். அதில் தோய்த்த துணி பச்சையாக வெளிவந்து, காற்றுப் பட்டதும் கண்முன்னே நீலமாகும். தொட்டி பதமாயிற்று என்பதை மூக்காலும் விரலாலும் மேலே படரும் நுரையாலும் அறிய வேண்டும். இதனை ஒலிபெருக்கி வைத்து நூறு பேருக்குப் போதிக்க முடியுமா? எட்டுப் பேர், பத்துப் பேர், ஓர் ஆசிரியர், ஒரு தொட்டி. ஒவ்வொருவரும் ஒரு முறையாவது துணியைப் பாழாக்கி, ஏன் பாழாயிற்று என்று கண்டறிந்து, மறுமுறை திருத்த வேண்டும். சமையலை எவரும் சொற்பொழிவு கேட்டுக் கற்றதில்லை.

நம் நாட்டிலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. 1960களில் ஏனா டி சில்வா அம்மையார் கொழும்பில் தம் இல்லத்திலேயே சிலரைச் சேர்த்துக்கொண்டு பத்திக் வேலையைத் தொடங்கினார். உருக்கிய மெழுகால் துணியிற் கோலமிட்டுச் சாயத்தில் தோய்த்தால், மெழுகு பட்ட இடத்திற் சாயம் ஏறாது. அதுவே பத்திக்கின் சூட்சுமம். அப்பட்டறையின் கைவண்ணம் பெந்தோட்டைக் கடற்கரை விடுதியின் கூரையை அலங்கரித்தது. பின்னர் அவர் மாத்தளை மாவட்டத்து அலுவிகாரைக்குச் சென்று கிராமப் பெண்களைக் கொண்டு பட்டறை நடத்தினார். சிறிதாகத் தொடங்கி, கையோடு கை வைத்துக் கற்பித்தமையாலேயே அது நிலைத்தது. நல்லதை யாரிடம் கண்டாலும் கற்பதில் இழுக்கில்லை.

ஆனால், யாழ்ப்பாணத்துக்கென ஒரு தனி எச்சரிக்கை உண்டு. இதனைக் கமக்காரப் பெருமக்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். 1956 ஆம் ஆண்டில் சந்தைக்கு வந்த ஒருவகைச் செயற்கைச் சாயம், கொதிக்க வைக்காமலே பருத்தியோடு இறுகப் பற்றுவது. உப்பும் சலவைச் சோடாவும் இருந்தாற் போதும். புதிதாகக் கற்பார்க்கு அது மிக எளிது, நிறமும் கெட்டி. எனினும், அதன் தூளைச் சுவாசித்தால் மூச்சுநோய் வரக்கூடும். முகமூடியும் கையுறையும் இன்றித் தொடலாகாது. துணியிற் பற்றாத சாயமும் உப்பும் காரமும் கழிவுநீரில் எஞ்சும். அந்நீரை எங்கே ஊற்றுவது? நமக்கு வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கற் பாறையினுள் தேங்கிய மழைநீரே நம் உயிர். வளவின் மூலையில் ஊற்றியது அயலவன் கிணற்றில் வந்து சேரும். உப்புக் கலந்த கிணறு வெங்காயத்துக்கும் உதவாது, புகையிலைக்கும் உதவாது.

திருப்பூரை நினைத்துப் பாருங்கள். நொய்யல் ஆற்றைச் சாயக்கழிவு கெடுத்தமையால், 2011 ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடுமாறு உத்தரவிட்டது. ஆற்று நீரை நம்பிய உழவரும் நலிந்தனர். ஆலையை நம்பிய தொழிலாளரும் நலிந்தனர். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததை மறந்தோமா? அவ்வழக்கில் 2019 ஆம் ஆண்டு நம் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு விதித்தது. சட்டத்தரணி என்ற முறையில் அத்தீர்ப்பை வரவேற்கிறேன். ஆனால், கெட்ட கிணற்றை நல்ல கிணறாக்கும் வல்லமை எந்தத் தீர்ப்புக்கும் இல்லை. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டம் கழிவை விருப்பம்போல் வெளியேற்றுவதைத் தடுக்கிறது. பட்டறை சிறிது என்பதால் சட்டத்தையும் அயலவனையும் மறக்கலாகாது.

அப்படியாயின் இயற்கைச் சாயமே எல்லாவற்றுக்கும் மருந்தா? அன்று. இயற்கைச் சாயத்துக்கும் படிகாரம் வேண்டும், விறகு வேண்டும், மிகுந்த நீர் வேண்டும். சாயவேரைத் தோண்டினால் செடி மடியும். நாற்றுமேடை இட்டு வளர்க்காமல் காட்டு வேரையே நம்பினால், சில ஆண்டுகளில் வேரும் இராது, தொழிலும் இராது. ஆயினும் நமக்கு வாய்ப்பான செய்தி ஒன்று உண்டு. அலிசாரின் செம்மை சிறக்கப் படிகாரத்தோடு சுண்ணச்சத்தும் வேண்டும். நம் கிணற்று நீரில் அது இயல்பாகவே இருக்கிறது. பானையில் வெண்படலம் படிகிறதென்று நாம் குறைகூறும் அதே நீர் செஞ்சாயத்துக்குத் துணை! அவுரியோ பயற்றினத்துச் செடி. சாயம் எடுத்தபின் எஞ்சும் தழை நிலத்துக்குப் பசளை. திண்டிவனம் பக்கத்தில் இன்றும் பயிரிடப்படுகிறது. நம் தோட்டங்களில் ஒரு மூலையில் பரீட்சித்துப் பார்ப்பதில் என்ன நட்டம்?

"ஆலைத்துணி மலிந்த காலத்தில் இது ஏன்?" என்று கேட்பார்க்கு என் விடை இது. ஆலையோடு மலிவிற் போட்டியிட எவரும் சொல்லவில்லை. வட்டிக்காரனின் வாசலில் நிற்கும் குடும்பத்தலைவிக்கு, தன் வளவிலிருந்தே செய்யக்கூடிய, தன் கையைத் தவிர வேறெவரையும் நம்பாத தொழில் ஒன்று வேண்டும். கடன் கொடுப்பார் பலர் வந்தனர். கைத்திறன் கொடுப்பார் எத்தனை பேர் வந்தனர்?

எனவே, நாம் வற்புறுத்த வேண்டியவை நான்கு. ஒன்று, மூன்று நாட் சடங்கை ஒழித்து, பத்துப் பேருக்கு மேற்படாத வகுப்பை வாரம் ஒரு முறையாக ஆறு மாதம் நடத்துக. இரண்டு, பயிற்சி முடிந்தபின் தொட்டியும் தராசும் அடுப்பும் அக்கூட்டத்தாரின் கூட்டுறவுச் சங்கத்துக்கே சொந்தமாகுக. மூன்று, கழிவுநீர் நிலத்திற் கசியாத சீமெந்துத் தொட்டி கட்டாத இடத்தில் வகுப்பைத் தொடங்காதீர். முதல்நாட் பாடமும் அதுவாகவே இருக்கட்டும். நான்கு, கற்பிப்போருக்குத் தக்க ஊதியம் அளித்திடுக. மாலையும் பொன்னாடையும் அவர் வீட்டு உலையில் வேகா.

பணம் எங்கே என்பீர்கள். 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தம் கூட்டுறவையும் கிராம அபிவிருத்தியையும் மாகாணப் பட்டியலிற் சேர்த்திருக்கிறது. உள்ள அதிகாரத்தைப் பயன்படுத்தாதவன் இல்லாத அதிகாரத்தைக் கேட்கும்போது அவன் குரல் தளர்கிறது. இரசாயனம் கற்ற ஆசிரியர்களே, வாரத்தில் ஒரு மாலை அப்பட்டறைக்குச் செல்லுங்கள். கமக்காரரே, இரண்டு பரப்பில் அவுரி இட்டுப் பாருங்கள். வழக்கறிஞரே, சங்கத்தின் பதிவுப் பத்திரங்களைக் கூலியின்றி எழுதிக் கொடுங்கள். நானும் எழுதிக் கொடுக்கிறேன்.

அந்தத் தாயின் மூன்று சான்றிதழ்களுக்கு நாம் அனைவரும் கடன்பட்டிருக்கிறோம். நான்காவது சான்றிதழை வழங்க என்னை அழைக்க வேண்டா. தொட்டி வந்த அன்று அழையுங்கள், வருகிறேன்.