அந்த "அப்புறம்" வரவே இல்லை

நான் வேலை பார்க்கும் பர்மியச் சாப்பாட்டுக் கடைக்கு ஜூலை மாதம் ஒரு கூட்டம் வரும். சான்பிரான்சிஸ்கோ யூதத் திரைப்பட விழாவில் படம் பார்த்துவிட்டு, அதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே சாப்பிடுகிறவர்கள். போன வருஷம் ஒரு பெரியவர் எனக்கு எந்த ஊர் என்று கேட்டார். ரங்கூனுக்கு அக்கரையில் த்வாண்டே என்றேன். "என் அம்மா ரங்கூனில் பிறந்தவள். 26வது தெரு ஜெப ஆலயம் இன்னும் இருக்கிறதா?" என்றார்.

இருக்கிறது. டலா வந்து படகில் ஆற்றைத் தாண்டி படிக்கப் போன நாட்களில் அந்தத் தெருவில் எத்தனையோ முறை நடந்திருக்கிறேன். (1996 டிசம்பரில் பல்கலைக்கழகங்களை மூடினார்கள். பெரும்பாலும் 2000ல்தான் திறந்தார்கள். என் படிப்பு அதோடு சரி. அது வேறு கதை.)

1890களில் கட்டிய ஆலயம் அது. 1942ல் ஜப்பான்காரன் வருமுன் சுமார் 2,500 யூதர்கள் இருந்த நாட்டில் இன்று இருபது பேர் இருந்தால் அதிகம். மோசஸ் சாமுவேல்ஸ் என்பவர் 2015ல் சாகும்வரை அதைக் கட்டிக் காத்தார். இப்போது மகன் சம்மி பார்த்துக்கொள்கிறார்.

நாம் எத்தனை பேர்? 1964ல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது சுமார் மூன்று லட்சம் இந்தியர்கள் வெளியேறினார்கள். அதில் நம்மவர்கள் ஏராளம். போகாமல் தங்கியவர்களும் ஏராளம். ஆனால் நம் கதை என்று காட்ட ஒரு படம்? எல்லோரும் 1952ல் வந்த 'பராசக்தி'யைச் சொல்வார்கள். அதில் ரங்கூன் கொஞ்ச நேரம்தான், அப்புறம் முழுக்கத் தமிழ்நாடு.

"நாமும் ஒரு விழா நடத்தினால் என்ன?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நடத்தலாம். ஆனால் குத்துவிளக்கு, பொன்னாடை, பழம்பெருமை என்றால் நான் வரவில்லை.

1980ல் தொடங்கிய இந்த யூத விழாவைப் பாருங்கள். 2009ல் 'ரேச்சல்' என்ற ஆவணப்படத்தைப் போட்டார்கள். 2003ல் காஸாவில் இஸ்ரேலிய ராணுவ புல்டோசரால் இறந்த அமெரிக்கப் பெண்ணைப் பற்றிய படம். அவருடைய அம்மாவையும் அழைத்திருந்தார்கள். ஊரே ரெண்டுபட்டது. எதிர்ப்புத் தரப்புக்கும் மேடையில் பேச இடம் கொடுத்து, படத்தையும் காட்டினார்கள். எல்லோரும் சமாதானமாகிவிட்டார்கள் என்று சொல்லவில்லை. தன் வீட்டுச் சண்டையைத் தன் வீட்டிலேயே, விளக்கைப் போட்டுக்கொண்டு போட்டார்கள் என்கிறேன்.

நம்மால் முடியுமா? கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930ல் செட்டியார்கள் கையில் இருந்தது 6 சதவீத நிலம். நெல் விலை விழுந்து, கடன் அடைக்க முடியாமல் போய், 1937 வாக்கில் அது 25 சதவீதம். நிலம் போன பர்மிய விவசாயியின் கோபம் கூலிக்காரன் தலையிலும் விடிந்தது. இதை நாம் படமாக எடுப்போமா?

இன்னொன்று. நம்மை "கலா" என்று திட்டிய அதே வாய்தான் ரோஹிங்யாக்களையும் அப்படித் திட்டியது. 2017ல் ஏழு லட்சத்துக்கும் மேல் மக்கள் எல்லை தாண்டி ஓடினார்கள். அப்போது நம்மில் பலர் வாயைத் திறக்கவில்லை. நானும்தான். "நம்மையும் சேர்த்துவிடுவார்கள்" என்று பயம். அந்தப் பயத்தைச் சொல்லாத படம் நம் படம் ஆகாது.

பெரிய காமிரா வேண்டாம். கையில் போன் இருக்கிறது. வீட்டில் எண்பது வயதுக்காரர் இருந்தால் இந்த ஞாயிறே எதிரில் உட்காருங்கள். பெருமையை மட்டும் கேட்காதீர்கள். வெட்கப்பட்டதையும் கேளுங்கள்.

என் அப்பாயி ஜப்பான்காரன் காலத்துக் கதையை ஆரம்பித்தபோதெல்லாம் "அப்புறம் கேக்குறேன்" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவன் நான். அந்த அப்புறம் வரவே இல்லை.