செத்தவனுக்கு மன்னிப்பு!

ஒருவன் உயிரோடிருக்கும்போது அவன் வாயை அடைப்பதும், செத்த பிறகு அவனுக்குப் பெருமை பேசுவதும் உலகமெங்கும் பெரிய மனிதர்களுக்கு வழக்கமாய் இருந்து வருகிறது. அமெரிக்காவில் லெனி புரூஸ் என்னும் ஹாஸ்யப் பேச்சாளருக்கு நடந்ததும் இதுதான். அவர் சரித்திரத்தை பாப் ஃபாசி என்பவர் 1974-ல் "லெனி" என்ற சினிமாவாக எடுத்தார். டஸ்டின் ஹாஃப்மன் புரூசாக நடித்தார். அதைத் தோழர்கள் அவசியம் பார்க்கவேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

புரூஸ் செய்த குற்றமென்ன? திருடினாரா? கொள்ளையடித்தாரா? ஜனங்கள் தெருவில் பேசுகிற சொற்களை மேடையில் பேசினார். மதத்தைக் கம்பெனி வியாபாரம்போல் நடத்தும் பாதிரிகளைக் கேலி செய்தார். அதற்காக 1961-ல் சான்பிரான்சிஸ்கோவிலும், 1962-ல் சிகாகோவிலும், 1964-ல் நியூயார்க்கிலும் "ஆபாச" வழக்கு! முதல் வழக்கில் ஜூரிகள் குற்றமில்லை என்றார்கள். சிகாகோ தண்டனையை மேல்கோர்ட்டு தள்ளிவிட்டது. நியூயார்க் கோர்ட்டோ 4 மாதத் தண்டனை விதித்தது. அங்கே, அவர் பேச்சைக் கேட்டுக் குறிப்பெடுத்த அதிகாரி ஒருவர் சாட்சிக்கூண்டில் அதை ஒப்பித்தாராம். அதிகாரி ஒப்பித்த லட்சணத்துக்குத் தமக்குத் தண்டனையா என்பதே புரூஸின் முறையீடு.

ஆபாசம் என்பது வெறும் வேஷம் என்பதற்குச் சிகாகோவே சாட்சி. இவர் இனி மதத்தைத் தாக்கிப் பேசினாலும் எல்லோரையும் பிடித்துப்போவேன் என்று போலீஸ் அதிகாரி ஒருவர் விடுதிக்காரரை மிரட்டியதாகப் பதிவாகி இருக்கிறது. மதத்தைத் தாக்குவது எந்தச் சட்டப்படி ஆபாசம் என்று கேட்கிறோம்.

விடுதிக்காரர்கள் பயந்து மேடை கொடுக்க மறுத்தார்கள். 1965-ல் புரூஸ் திவாலானார். 1966 ஆகஸ்டு 3-ந் தேதி, 40-வது வயதில், மார்ஃபின் மிஞ்சிப்போய் இறந்தார்.

"போதைக்காரனைப் புகழலாமா?" என்று சிலர் கேட்கலாம். படம் அதை மறைக்கவில்லை, நாமும் மறைக்கவில்லை. நமக்கு மகான்கள் வேண்டியதில்லை. ஒருவன் சொன்னது நியாயமா என்பதற்கு அவன் கையில் ஏறிய ஊசி அளவுகோலாகுமா? படத்தில் நாம் காணும் குறை வேறு. குடும்பக் கதைக்குக் கொடுத்த இடத்தை மதக் கண்டனத்துக்குக் கொடுக்கவில்லை.

இன்னொரு வேடிக்கை! 1964-ல் எந்தப் பேச்சுக்காகத் தண்டனையோ, அம்மாதிரிப் பேச்சையே பத்து வருஷத்தில் டிக்கட் போட்டு விற்றார்கள். படம் 6 ஆஸ்கார் பரிசுகளுக்குச் சிபார்சாயிற்று. 2003-ல் நியூயார்க் கவர்னர் பட்டாகி, செத்து 37 வருஷமான மனிதருக்கு "மன்னிப்பு" வழங்கினார்!

மன்னிப்புக் கேட்கவேண்டியது யார்? வழங்கியது யார்? ஆதலால் தோழர்களே, பேசுகிறவனுக்குச் செத்தபின் மாலை போடுவதைவிட, உயிரோடிருக்கையில் அவன் மேடையைக் காப்பதே அறிவுடையோர் கடமையாகும்.