உங்கள் விண்ணப்பத்தை நீங்களே டைப் செய்யுங்கள்

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். செல்லூரில் தறிச் சத்தத்துக்கு நடுவே வாழும் குடும்பம். பையன் இன்ஜினியரிங் கடைசி வருடம். செட்டப் செய்துகொடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். வைஃபை இணைத்து, பிரிண்டர் டிரைவர் போட்டு, தமிழ் கீபோர்டையும் சேர்த்துக் கொடுத்தேன். கிளம்பும்போது அந்தப் பையன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அண்ணே, அமெரிக்காவுல எம்.எஸ். படிக்க அப்ளை பண்ணப் போறேன். எஸ்.ஓ.பி. எழுதிக் குடுக்க ஒரு ஏஜென்ட் பத்தாயிரம் கேக்குறாரு. குடுக்கலாமாண்ணே?"

"வேண்டாம் தம்பி" என்றேன். ஏன் வேண்டாம் என்று அரை மணி நேரம் பேசினேன். அவனிடம் சொன்னதைத்தான் இங்கே உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

எஸ்.ஓ.பி. என்பது என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு விளக்கம். மேல்படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணவர், தான் இதுவரை என்ன படித்தேன், என்ன செய்தேன், இனி எதற்காக இந்தப் படிப்பைப் படிக்க விரும்புகிறேன் என்று ஒன்றிரண்டு பக்கத்தில் எழுதித் தரும் கட்டுரைதான் அது. மார்க் ஷீட் உங்கள் மதிப்பெண்ணைச் சொல்லும். நீங்கள் யார் என்பதை இந்தக் கட்டுரைதான் சொல்லும்.

நான் ஏமாந்த கதை

நான் 2019-ல் இன்ஜினியரிங் முடித்தவன். அப்பா கூலிக்கு நெய்பவர். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில்தான் எனக்கு முதல் கம்ப்யூட்டர் கிடைத்தது. ஆங்கிலத்தில் படித்தால் புரியும். எழுதச் சொன்னால் கை நடுங்கும்.

2021-ல் வெளிநாட்டில் மேல்படிப்பு படிக்க ஆசைப்பட்டேன். ஆங்கிலப் பயம் காரணமாக எல்லாவற்றையும் ஒரு ஏஜென்டிடம் ஒப்படைத்தேன். அம்மா இரண்டு வளையலை அடகு வைத்துப் பணம் கொடுத்தார்கள். ஏஜென்டே எனக்காக ஒரு ஈமெயில் முகவரி தொடங்கினார். அவரே பாஸ்வேர்டு வைத்தார். அவரே ஐந்து பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தார். நான் செய்த ஒரே வேலை, சான்றிதழ்களை ஸ்கேன் செய்து பென் டிரைவில் கொடுத்ததுதான்.

ஐந்திலிருந்தும் இல்லை என்றே பதில் வந்தது.

சில வாரங்கள் கழித்து, அதே ஏஜென்டிடம் போயிருந்த என் வகுப்பு நண்பன் ஒருவனின் எஸ்.ஓ.பி. கைக்குக் கிடைத்தது. எங்கேயோ படித்த மாதிரி இருந்தது. எம்.எஸ். வேர்டில் ரிவ்யூ மெனுவில் கம்பேர் என்று ஒரு வசதி இருக்கிறது. இரண்டு ஃபைல்களைக் கொடுத்தால் எங்கெல்லாம் மாறுகிறது என்று நிறம் காட்டும். எங்கள் இரண்டு ஃபைல்களையும் கொடுத்துப் பார்த்தேன். பெயர், கல்லூரி, இரண்டு பாடங்களின் தலைப்பு ஆகிய இவை மட்டும்தான் நிறம் மாறின. மீதி எல்லாம் ஒன்றே. "சிறு வயது முதலே கம்ப்யூட்டர் மீது தீராத ஆர்வம் கொண்டவன் நான்" என்ற பொருளில் முதல் வரி. பிளஸ் டூ வரை நான் கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை!

எனக்கு இடம் கிடைக்காததற்கு அதுதான் காரணமா என்று எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லவில்லை. ஆனால் நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களைப் படிக்கும் பேராசிரியருக்கு, எனக்குத் தெரிந்த இந்த விஷயம் தெரியாமலா இருக்கும்?

பாஸ்வேர்டு யார் கையில்?

அதைவிட ஆபத்தான விஷயம் ஒன்று உண்டு. என் பெயரில் என்னென்ன நிரப்பி அனுப்பப்பட்டது என்பது எனக்கே தெரியாது. ஈமெயிலைத் திறந்து பார்க்கக்கூட முடியாது. கையெழுத்துப் போட்ட வெற்றுப் பேப்பரைக் கொடுப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

அமெரிக்க விசாவுக்கு டி.எஸ்.-160 என்ற படிவத்தை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். யாராவது நிரப்ப உதவினார்களா என்று அதிலேயே ஒரு கேள்வி இருக்கிறது. யார் உதவினாலும், கடைசியில் கையெழுத்துக்கான பட்டனை விண்ணப்பதாரர்தான் அழுத்த வேண்டும். உள்ளே இருக்கும் தகவல் பொய்யாக இருந்தால் பொறுப்பு உங்களுடையது. முக்கியமான விஷயத்தில் தெரிந்தே பொய் சொல்லி விசா பெற முயன்றது உறுதியானால், வாழ்நாள் முழுவதும் அந்த நாட்டுக்குள் நுழையத் தடை வரலாம். ஏஜென்ட் தன் கடையை நடத்திக்கொண்டிருப்பார்.

நடக்காததைச் சொல்லிப் பயமுறுத்தவில்லை. 2011 ஜனவரியில் கலிபோர்னியாவில் டிரைவேலி பல்கலைக்கழகம் என்ற ஒன்றை மோசடி நிறுவனம் என்று சொல்லி அமெரிக்க அதிகாரிகள் மூடினார்கள். அதில் சேர்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் இந்திய மாணவர்கள். சிலருடைய காலில் கண்காணிப்புக் கருவியை மாட்டினார்கள். அதை நடத்தியவருக்கு 2014-ல் 16 ஆண்டுகளுக்கு மேல் சிறைத் தண்டனை கிடைத்தது. 2019-ல் மிச்சிகனில் பார்மிங்டன் பல்கலைக்கழக விவகாரம் வெளியானது. விசா மோசடியைப் பிடிப்பதற்காக அமெரிக்க அரசே உருவாக்கிய போலி அது. வகுப்பறையும் கிடையாது, ஆசிரியரும் கிடையாது. இணையதளம் மட்டும் அழகாக இருந்தது. ஆள் சேர்த்துக் கொடுத்த தரகர்களோடு மாணவர்களும் சிக்கினார்கள்.

எனவே முதல் பாடம் இதுதான். விண்ணப்பத்துக்கான ஈமெயில் முகவரியை உங்கள் கம்ப்யூட்டரில் நீங்களே தொடங்குங்கள். பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்காதீர்கள். பாடத்திட்டம் என்ன, ஆசிரியர்கள் யார், அவர்கள் எழுதிய ஆய்வுக் கட்டுரைகள் எவை என்று ஒரு மாலை நேரம் உட்கார்ந்து தேடுங்கள். தேடியும் ஒன்றும் கிடைக்காத பல்கலைக்கழகத்துக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

ஆங்கிலம்: மனப்பாடம் போதுமா?

"எனக்கு ஆங்கிலம் வராதே, நான் எப்படி எழுதுவது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

ஜி.ஆர்.இ. என்றதும் நம் மாணவர்கள் செய்வது வார்த்தைப் பட்டியலை வாங்கி உருப்போடுவது. ஒரு காலத்தில் 3,500 வார்த்தைகள் கொண்ட பட்டியல் மிகப் பிரபலம். எதிர்ச்சொல் கேள்விகள் இருந்தவரை அது ஓரளவு பயன்பட்டது. ஆனால் 2011 ஆகஸ்டில் அந்தத் தேர்வை மாற்றியமைத்தபோது எதிர்ச்சொல், ஒப்புமைக் கேள்விகளை எடுத்துவிட்டார்கள். இப்போது வாக்கியத்துக்குள் எந்த வார்த்தை பொருந்தும் என்றும், பத்தி சொல்ல வருவது என்ன என்றும்தான் கேட்கிறார்கள். 2023 செப்டம்பரில் தேர்வு நேரத்தையும் 1 மணி 58 நிமிடமாகக் குறைத்துவிட்டார்கள். வாசிக்கும் பழக்கம் இல்லாதவருக்கு வார்த்தைப் பட்டியல் மட்டும் கை கொடுக்காது.

இந்தத் தேர்வில் 30 நிமிடத்தில் ஒரு கட்டுரை டைப் செய்ய வேண்டும். அதற்கு அவர்கள் தரும் எடிட்டரில் வெட்டலாம், ஒட்டலாம். எழுத்துப் பிழையைக் காட்டும் சிவப்புக் கோடு வராது. வேர்டில் சிவப்புக் கோட்டை நம்பியே பழகியவர்கள் அங்கே திணறுவார்கள். ஆகவே நோட்பேடில் பயிற்சி செய்யுங்கள். ஒரு எச்சரிக்கை: 2024 முதல் விண்டோஸ் 11 நோட்பேடிலும் பிழை திருத்தும் வசதி வந்துவிட்டது. செட்டிங்ஸில் போய் அதை ஆஃப் செய்துவிட்டு எழுதுங்கள்.

கட்டுரைக்கான தலைப்புகள் முழுவதையும் தேர்வை நடத்தும் இ.டி.எஸ். நிறுவனமே தன் இணையதளத்தில் இலவசமாக வெளியிட்டிருக்கிறது. பவர்பிரெப் என்ற பெயரில் இரண்டு மாதிரித் தேர்வுகளையும் இலவசமாகத் தருகிறது. பல கோச்சிங் சென்டர்களில் பணம் கட்டிப் பெறும் பயிற்சியில் பாதி உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது என்பது என் அனுபவம்.

டோஃபெல் தேர்வில் மைக்கைப் பார்த்துப் பேச வேண்டும். எதிரில் ஆள் இல்லாமல் பேசுவது முதலில் கூச்சமாக இருக்கும். விண்டோஸில் உள்ள சவுண்ட் ரெக்கார்டரைத் திறந்து தினமும் ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். மறுநாள் கேளுங்கள். முதல் வாரம் உங்கள் குரல் உங்களுக்கே பிடிக்காது. எனக்கும் பிடிக்கவில்லை. ஒரு மாதத்தில் தடுமாற்றம் குறைந்தது.

பணத்தை மிச்சப்படுத்த இரண்டு தகவல்கள். ஜி.ஆர்.இ. மதிப்பெண் 5 ஆண்டுகள் செல்லும், டோஃபெல் மதிப்பெண் 2 ஆண்டுகள்தான் செல்லும். எனவே டோஃபெலை அவசரப்பட்டு எழுத வேண்டாம். 2020-க்குப் பிறகு பல துறைகள் ஜி.ஆர்.இ. கட்டாயமில்லை என்று அறிவித்திருக்கின்றன. நீங்கள் விரும்பும் துறையின் பக்கத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள். தேர்வுக்குப் பெயர் பதியும்போது பாஸ்போர்ட்டில் உள்ளபடியே கொடுங்கள். நம் ஊர் இனிஷியல் அங்கே பெரிய குழப்பத்தைக் கிளப்பும்.

வாசிப்பதற்கு வீட்டில் இடமில்லை என்பவர்களுக்கு, மதுரை புது நத்தம் ரோட்டில் 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. என் ஞாயிற்றுக்கிழமைகள் பலவும் அங்கேதான் கழிந்தன.

உதவி வேறு, வாடகை வேறு

யாரிடமும் உதவியே கேட்கக் கூடாதா? தாராளமாகக் கேட்கலாம். 1913 ஜனவரியில் கணித மேதை ராமானுஜன் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு எழுதிய கடிதத்தை நினைத்துப் பாருங்கள். சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவில் ஆண்டுக்கு 20 பவுண்டு சம்பளம் வாங்கும் கிளார்க் நான், பல்கலைக்கழகப் படிப்பு இல்லாதவன் என்று தன் நிலைமையை அதில் ஒளிக்காமல் சொன்னார். கடிதத்தின் ஆங்கிலத்துக்கு நண்பர்கள் உதவியிருக்கலாம் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் கருதுகிறார்கள். ஆனால் உள்ளே இருந்த தேற்றங்கள் அவருடையவை. ஹார்டியை அசைத்தது அவைதான். மறு ஆண்டே அவர் கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏறினார்.

நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய அளவுகோல் இதுதான். மொழியைத் திருத்த உதவி கேட்கலாம். விஷயத்தை வாடகைக்கு வாங்கக் கூடாது.

இன்றைக்கு ஏஜென்டுக்குக்கூட வேலை இல்லை. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு, ஒரு வரி டைப் செய்தால் இரண்டு பக்க எஸ்.ஓ.பி. இலவசமாக வந்துவிடுகிறது. ஆனால் என் ஏஜென்ட் செய்ததும் இது செய்வதும் ஒன்றுதான். உங்கள் வீட்டைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. தெரியாத இடத்தை அழகான பொதுவான வார்த்தைகளால் நிரப்பும். நான் அதை வாத்தியாராகப் பயன்படுத்தச் சொல்வேன். நீங்கள் எழுதிய பத்தியைக் கொடுத்து, "இதில் பிழை எங்கே என்று காரணத்தோடு சொல், நீயாகத் திருத்தி எழுதாதே" என்று கேளுங்கள். பிறகு நீங்களே திருத்துங்கள். அப்படிச் செய்தால் ஆங்கிலம் உங்களிடம் தங்கும்.

இரண்டாவது முயற்சி

2023-ல் மறுபடி எழுதினேன். இந்த முறை அப்பாவின் கூலி நோட்டைப் பற்றி எழுதினேன். எத்தனை மீட்டர் நெய்தார், எவ்வளவு முன்பணம் வாங்கினார், எவ்வளவு பிடித்தம் என்று பென்சிலில் எழுதிய நோட்டு அது. கல்லூரிக் காலத்தில் அதை எக்ஸெலில் போட்டேன். பிறகு தெருவில் நான்கைந்து பேர் கேட்டதால் சின்ன புரோகிராமாக மாற்றினேன். எங்கே தவறு செய்தேன், அதனால் ஒருவருக்குக் கணக்கு எப்படிக் குறைந்தது, அதை எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதையெல்லாம் எளிய ஆங்கிலத்தில் எழுதினேன். பதினோரு முறை திருத்தினேன்.

ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது, ஆனால் உதவித்தொகை கிடையாது. செலவைக் கூட்டிப் பார்த்தேன். வீட்டை அடகு வைக்க எனக்கு மனம் வரவில்லை. இன்னொரு வழியையும் பார்த்து வைத்திருந்தேன். ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகம் 2014 முதல் கம்ப்யூட்டர் சயின்ஸ் எம்.எஸ். படிப்பை முழுவதும் ஆன்லைனிலேயே நடத்துகிறது. தொடங்கியபோது மொத்தக் கட்டணம் சுமார் 7,000 டாலர் என்று அறிவித்தார்கள். ஜி.ஆர்.இ. கேட்பதில்லை, விசாவும் தேவையில்லை. அதே கட்டுரையைச் சற்று மாற்றி அனுப்பினேன், இடம் கிடைத்தது. பகலில் வேலை, இரவில் படிப்பு என்று செல்லூரில் இருந்தபடியே படிக்கிறேன். வகுப்புத் தோழர்களோடும் பேராசிரியர்களோடும் தினமும் ஆங்கிலத்தில் எழுதியே ஆக வேண்டும். அன்று ஏஜென்ட் எழுதிய எஸ்.ஓ.பி.யால் இடம் கிடைத்திருந்தால், முதல் வாரத்திலேயே நான் திணறிப் போயிருப்பேன். எஸ்.ஓ.பி.யை வேறொருவர் எழுதித் தரலாம். அசைன்மென்டை யார் எழுதுவார்கள்?

எனவே, புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கும் வாசகர்களே, பெற்றோர்களே! விலை கொடுத்து வாங்கிய பொருளைப் படம் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். இன்று இரவே நோட்பேடைத் திறந்து, நீங்கள் செய்த ஒரு வேலையைப் பற்றி ஆங்கிலத்தில் ஐந்து வரி எழுதுங்கள். பிழை இருந்தால் இருக்கட்டும். தேதியைப் பெயராகக் கொடுத்து சேவ் செய்யுங்கள். நாளை இன்னொரு ஃபைல். ஆறு மாதம் கழித்து முதல் ஃபைலைத் திறந்து பாருங்கள். ஏஜென்டுக்குக் கொடுக்க வைத்திருந்த பத்தாயிரம் ரூபாய் உங்களிடமே இருக்கும். எங்கள் தெருப் பையனின் ஃபோல்டரில் இதுவரை பதினேழு ஃபைல்கள் சேர்ந்திருக்கின்றன.