ஒரு கறுப்பு வட்டத்துக்கு என்ன பொருள்?

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி

இவ்வாண்டு எங்கள் ஓவிய ஆசிரியை வகுப்பில் ஓர் அச்சுப் படத்தைக் காட்டினார். சதுரத்தின் நடுவே பெரியதொரு கறுப்பு வட்டம். அதைச் சுற்றிச் சாம்பல் நிற வளையங்கள். ஓரத்தில் சிவப்பும் மஞ்சளுமாகச் சில பட்டைகள். வேறொன்றுமில்லை. "இதை என் தம்பியே போட்டுவிடுவான்" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் எழ, வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

தீட்டியவர் எஸ்.எச். ரஸா. 1922-இல் மத்தியப் பிரதேசத்தில், காட்டிலாகாவில் பணியாற்றிய ஒருவரின் மகனாகப் பிறந்தவர். படிப்பில் மனம் நிலைக்காத சிறுவனாக இருந்தாராம். ஆசிரியர் சுவரில் ஒரு புள்ளியிட்டு, அதையே பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னாராம். 1950-இல் பிரான்சுக்குச் சென்ற அவர், ஏறத்தாழ 1980 முதல் அந்தப் புள்ளியையே 'பிந்து' என்ற பெயரில் அக்ரிலிக் வண்ணத்தில் திரும்பத் திரும்பத் தீட்டினார். எல்லாம் தோன்றுகின்ற மூல வித்து என்பது அவர் கொண்ட பொருள். 2016-இல் மறைந்தார்.

பொருள் கிடைத்துவிட்டதென்று நாங்கள் நோட்டைத் திறந்தோம். படத்துக்கும் ஒரு கோனார் உரை வேண்டுமல்லவா நமக்கு! ஆசிரியையோ, ஆளுக்கொரு நாள் படத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டச் சொன்னார்.

அம்மா "தோசைக்கல்" என்றார். அப்பா "ஸ்பீக்கர்" என்றார். பாட்டி மட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "நம்ம கெணறு மாதிரியில்ல இருக்கு! மேலேயிருந்து எட்டிப் பார்த்தா இப்படித்தான் சுத்திச் சுத்தி இறங்கி, நடுவுல இருட்டா இருக்கும்" என்றாள். அந்தக் கிணறு நிலத்தோடு விலைபோய் எட்டு ஆண்டுகளாகின்றன. அதைப் பற்றிப் பாட்டி பேசி நான் கேட்டதே இல்லை. அன்றிரவு, பாறை உடைத்தது முதல் ஊற்றுக் கண் திறந்தது வரை சொன்னாள். அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். என்னை நகரத்துப் பள்ளியில் சேர்ப்பதற்காகத்தான் நிலத்தை விற்றார்கள் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் வகுப்பில் இதைச் சொன்னபோது, "ரஸா உன் பாட்டியின் கிணற்றைப் பார்த்தாரா?" என்று ஒரு தோழி கேட்டாள். பார்க்கவில்லைதான். அதற்காக, யார் என்ன சொன்னாலும் சரி என்று நான் வாதாட வரவில்லை. தோசைக்கல் என்பது வட்டத்துக்கு மட்டுமே பதில். வளையங்களுக்கும் இருட்டுக்கும் அதில் இடமில்லை. படத்தில் உள்ள ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லும் விளக்கமே விளக்கம் என்பது என் கருத்து. வித்து என்றார் ஓவியர். ஊற்று என்றாள் பாட்டி. இரண்டுக்கும் தூரம் அதிகமில்லை.

'தம்பியே போடுவான்' என்பதையும் சோதித்துப் பார்த்தேன். எண்ணெய் வண்ணம் காய நாட்கள் பிடிக்கும். அக்ரிலிக் சில நிமிடங்களிலேயே காய்ந்துவிடுகிறது. ஒரு வளையத்தை முடிப்பதற்குள் அதன் தொடக்கம் காய்ந்து, சேருமிடத்தில் கோடு விழுந்தது. கழுவ மறந்த தூரிகை ஒன்று குச்சியாகிவிட்டது. நான்கு மாலைகள் போயின. கறுப்பு மட்டும் கடைசிவரை வெளிறியே இருந்தது.

அந்தப் படம் இப்போது பாட்டியின் கட்டிலுக்கு மேலே தொங்குகிறது. "தண்ணி கொஞ்சம் வத்திப்போச்சுடி" என்கிறாள்.