பகலில் போய்ப் பாருங்கள்!

மொட்டை மாடியில் தகரச் சுவர் வைத்து ஒரு ரூம் எடுக்கலாம் என்று நினைக்கும் சகோதரிகள், அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்.

மகன் கல்யாணத்தின்போது எங்களுக்குக் கூடுதலாக ஓர் அறை தேவைப்பட்டது. செங்கல் சுவர் என்றால் செலவும் அதிகம், மாடிக்குப் பாரமும் அதிகம் என்ற கான்ட்ராக்டர், செல்போனில் ஒரு வெளிநாட்டு வீட்டின் படத்தைக் காட்டினார். அகலமான பலகை, இரண்டு பலகை சேரும் இடத்தில் ஒரு மெல்லிய சட்டம் என்று நெட்டுக்குத்தாக வரி வரியாக, பார்க்கவே அம்சமாக இருந்தது. 'மரம் இல்லீங்க, எல்லாமே கலர் ஷீட்டு' என்றார். கணவருக்குப் பிடித்துவிட்டது. உண்மையைச் சொன்னால் எனக்கும்தான். கரும்பச்சை கலரைத் தேர்ந்தெடுத்ததே நான்!

கீழ் அறையைப் புதுத் தம்பதிக்குக் கொடுத்துவிட்டு, அத்தையை மாடிக்கு அனுப்பினோம். எழுபது வயதானாலும் படி ஏற அவருக்குச் சிரமமில்லை. 'காத்தோட்டமா இருக்கும்' என்று நாங்களே சொல்லிக்கொண்டோம்.

அத்தை ஒரு குறையும் சொல்லவில்லை. மத்தியானமானால் மட்டும் கீழே வந்து, அடுப்படி வாசலில் முந்தானையை விரித்துப் படுத்துக்கொள்வார். 'மேல கட்டில் இருக்கே அத்தை' என்றால், 'உங்கூடப் பேசிட்டிருக்கலாம்னுதாம்மா வந்தேன்' என்பார். நானும் நம்பினேன். சித்திரை மாதம் வத்தல் காயப்போட மாடிக்குப் போனவள், அந்த அறையில் சற்று உட்கார்ந்தேன். ஐந்து நிமிஷம் தாங்கவில்லை. சுவரைத் தொட்டால் தோசைக்கல்! அவமானத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ராத்திரி கணவரிடம் சொன்னேன். மேலே போய்ப் பார்த்துவிட்டு, 'ஜில்லுனுதானே இருக்கு' என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அரை மில்லிமீட்டர் தகடு எவ்வளவு சீக்கிரம் சூடாகிறதோ, பொழுது சாய்ந்ததும் அவ்வளவு சீக்கிரம் ஆறியும்விடும். காலையில் போய் இரவில் வருகிறவர்களுக்கு அந்தச் சூடு தெரியவே தெரியாது. பகலெல்லாம் வீட்டில் கிடக்கிற நமக்கும் பெரியவர்களுக்கும்தான் தெரியும். அடுத்த ஞாயிறு மத்தியானம் அவருக்கு அங்கேயே இலை போட்டேன். ரசத்துக்குக்கூடக் காத்திருக்காமல் இறங்கி வந்துவிட்டார்!

தெரிந்த இன்ஜினீயர் ஒருவர் பிறகு விளக்கினார். அமெரிக்கா போன்ற நாடுகளில் மரப்பலகை விரிந்து சுருங்கும்போது விழும் இடைவெளியை மூடத்தான் அந்தச் சட்டத்தை அடித்தார்களாம். அதே டிசைனில் இப்போது தகடு வருகிறது. ஆனால் அங்கே தகடு வெறும் மேல்சட்டைதான். அதற்கு உள்ளே சட்டங்கள், நடுவே சூடு புகாத பஞ்சு, அதற்கும் உள்ளே ஒரு சுவர் இருக்கும். நாம் சட்டையை மட்டும் நிற்க வைத்து, அதற்குச் சுவர் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

மறுபடி செலவு செய்து, சுவருக்கும் கூரைக்கும் உள்பக்கம் கிளாஸ் வுல் வைத்து ஜிப்சம் போர்டு அடித்தோம். வெளியே வெள்ளை பெயின்ட். அனல் வெளியேற எதிரெதிராக உயரத்தில் இரண்டு ஜன்னல். தெர்மோகோல் மலிவு என்று ஒருவர் சொன்னார், சுலபத்தில் தீப்பிடிக்கும் என்பதால் வேண்டாமென்றோம். நடுவில் ராக் வுல் வைத்தே ரெடிமேடாக வரும் பேனலும் இருக்கிறதாம். முதலிலேயே தெரிந்திருந்தால் இரட்டைச் செலவு மிச்சம்.

அந்த வேலையின்போது இன்னொன்றும் தெரிந்தது. ஒரு ஸ்க்ரூ, ஒயரை உரசிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் தேய்ந்திருந்தால் சுவர் முழுக்கக் கரன்ட்! நினைத்தாலே உடம்பு நடுங்குகிறது. ஒயர்களை பைப்புக்குள் விட்டு, தகட்டுக்கு எர்த் கொடுத்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் மாட்டினோம்.

யாராவது உங்களிடம் படம் காட்டினால், 'இந்தத் தகட்டுக்கு உள்ளே என்ன இருக்கு?' என்று கேளுங்கள். அவர்கள் முன்பு கட்டிய அறை ஒன்றை மதியம் இரண்டு மணிக்குப் போய்ப் பாருங்கள்.

அத்தை இப்போதும் சில நாள் அடுப்படி வாசலுக்கு வருகிறார். பேசத்தான் வருகிறாராம். நான் ஒரு நடை மேலே போய் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நம்புகிறேன்.

— ஒரு வாசகி, மதுரை