கடல் கடந்தோர் முதுமையும் கட்டாயக் காப்பீடும்

கடல் கடந்தேனும் பொருள் ஈட்டுமாறு நம் முன்னோர் அறிவுறுத்திச் சென்றனர். அவ்வறிவுரையை ஏற்று நடந்தவர்களுள் உடையார்பாளையம் வட்டாரத்து மக்களும் அடங்குவர். கி.பி. 1025-ஆம் ஆண்டளவில் கடாரத்தின்மீது படை நடத்திய இராசேந்திர சோழனின் தலைநகரான கங்கைகொண்ட சோழபுரம் இவ்வட்டத்தில்தான் உள்ளது. அன்று வாளேந்திக் கடல் கடந்தனர். இன்று கடவுச்சீட்டு ஏந்திக் கடல் கடக்கின்றனர். மானாவாரி நிலமும், முந்திரிக் கொல்லையும், கைத்தறியும் குடும்பத்தைக் காக்கப் போதாதபோது, வளைகுடா நாடுகளும் சிங்கப்பூரும் மலேசியாவும் நம் இளைஞர்க்கு வயிற்றுப்பாட்டுக்கு வழிகாட்டின. அண்டையிலுள்ள பெரம்பலூர் மாவட்டத்து லப்பைக்குடிக்காட்டிலும் வி.களத்தூரிலும் வெளிநாட்டு வருவாய் பல இல்லங்களில் அடுப்பெரியச் செய்திருப்பதை அறியாதார் இல்லை.

பொருள் தேடப் போனவர்களைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். பொருள் தேடி முடித்து, தலை நரைத்துத் திரும்பியவர்களைப் பற்றிப் பேசியிருக்கிறோமா? அவர்கள் நோயுற்றால் அந்தச் செலவை ஏற்பவர் யார்? இவ்வினாவையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

வள்ளுவப் பெருந்தகை மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தின் உறுப்புகள் நான்கு என வகுத்தார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து பணி செய்பவன் என்பவை அவை. இந்நான்கும் இருந்தும், பணம் செலுத்துமிடத்தில் நின்றுபோகும் மருத்துவத்தை நாம் அன்றாடம் காண்கிறோம். ஆதலின் இக்காலத்திற்கு ஐந்தாம் உறுப்பு ஒன்று வேண்டியுள்ளது. அதுவே காப்பீடு.

உலகம் விதிக்கும் நிபந்தனை

அயலார் தம் மண்ணில் முதுமையைக் கழிக்க வருங்கால், மருத்துவக் காப்பீட்டைக் கட்டாயமாக்கும் போக்கு அண்மைக் காலத்தில் வலுப்பெற்றுள்ளது. தாய்லாந்து நாட்டில் ஐம்பது வயது கடந்த வெளிநாட்டவர்க்கென ஒருவகை நீண்டகால விசா உண்டு. 2019-ஆம் ஆண்டு அக்டோபர் 31 முதல் அவ்விசாவிற்குக் காப்பீடு கட்டாயமாயிற்று. தொடக்கத்தில் உள்நோயாளிச் சிகிச்சைக்கு 4 இலட்சம் பாட் என்றிருந்த அளவு, 2021-இல் 30 இலட்சம் பாட்டாக உயர்த்தப்பட்டது. அயலார் பலர் அரசு மருத்துவமனைகளில் கட்டணம் செலுத்தாமல் விட்டுச் சென்ற சுமையே அவ்விதிக்குக் காரணமாகக் கூறப்பட்டது.

துபாய் 2020-ஆம் ஆண்டில் 55 வயது கடந்தோர்க்கு ஐந்தாண்டு ஓய்வுக்கால விசாவை அறிவித்தது. மாதம் 20,000 திர்ஹம் வருவாய், அல்லது 10 இலட்சம் திர்ஹம் சேமிப்பு, அல்லது உரிய மதிப்புள்ள வீட்டுச் சொத்து வேண்டும் என்று அறிவித்ததோடு, மருத்துவக் காப்பீட்டையும் வேண்டியது. கனடாவில் குடியேறிய பிள்ளைகள் தம் பெற்றோரை நெடுநாள் உடன் வைத்துக்கொள்ள 2011 டிசம்பரில் ஒரு சிறப்பு விசா தொடங்கப்பட்டது. ஓராண்டுக்குக் குறையாமல், 1 இலட்சம் கனடா டாலருக்குக் குறையாத காப்பீடு இருந்தாலன்றி அவ்விசா கிடையாது. தமிழகத்திலிருந்தும் ஈழத்திலிருந்தும் பேரப்பிள்ளையின் முகம் காணச் செல்லும் தாத்தா பாட்டியர் பலர் இவ்வாயிலைக் கடந்தே செல்கின்றனர்.

'வயதானவர்களை வடிகட்டவே இவ்விதிகள்' என்று சிலர் சினப்பர். அச்சினத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. எனினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். காப்பீடு இன்றி அயல்நாட்டில் மருத்துவமனை புகுந்த முதியவரின் கட்டணம் யார் தலையில் விழும்? ஒன்று, அவருடைய பிள்ளையின் தலையில் விழும். அன்றேல், அந்நாட்டு மக்களின் வரிப்பணத்தில் விழும். எனவே காப்பீட்டைக் கேட்பது குற்றமன்று என்பதே என் கருத்து. குற்றம் வேறோரிடத்தில் உள்ளது.

ஒருபக்கக் கட்டாயம்

மேற்கண்ட நாடுகள் முதியவரைக் 'காப்பீடு வாங்கி வா' என்று கட்டாயப்படுத்துகின்றன. காப்பீட்டு நிறுவனத்தை 'இவருக்குக் கொடு' என்று கட்டாயப்படுத்துகின்றனவா? இல்லை. எழுபது வயதும் சர்க்கரை நோயும் உள்ளவரின் விண்ணப்பத்தை நிறுவனம் மறுக்கலாம். அல்லது அவரால் தாங்கவொண்ணாத் தொகையைக் கேட்கலாம். வாங்குவோனை மட்டும் கட்டி, விற்போனை அவிழ்த்துவிடும் சட்டம் அரைச் சட்டமே.

முழுச் சட்டத்திற்கும் சான்று உண்டு. நெதர்லாந்து நாட்டில் 2006-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த சட்டம், அனைவரும் அடிப்படைக் காப்பீடு பெறவேண்டும் என்றது. அதே மூச்சில், வயதையோ நோயையோ காட்டி எவரையும் மறுத்தல் கூடாது என்று நிறுவனங்களையும் கட்டியது. கட்டாயம் என்பது இருபுறமும் பிணித்தால்தான் அது அறமாகும்.

நம்மவர் நிலை

தாய்லாந்துக் கடற்கரையில் முதுமையைக் கழிக்கும் ஐரோப்பியர் தம் விருப்பத்தால் அங்கே வாழ்கிறார். நம் வளைகுடாத் தொழிலாளிக்கு அத்தகைய விருப்பத்திற்கு இடமில்லை. பணியில் இருக்கும் வரை அவருக்குக் காப்பீடு உண்டு. சவூதி அரேபியா 1999-இல் கூட்டுறவு நலக்காப்பீட்டுச் சட்டத்தை இயற்றியது. அபுதாபி 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், துபாய் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் தொழிலாளிக்குக் காப்பீடு செய்தலை முதலாளியின் கடமையாக்கின. 2025 ஜனவரி முதல் ஐக்கிய அரபு அமீரகத்தின் ஏனைய பகுதிகளுக்கும் அக்கடமை விரிந்தது. சிங்கப்பூர் 2023 ஜூலையில், வேலை அனுமதி பெற்றோர்க்கு முதலாளி எடுக்க வேண்டிய மருத்துவக் காப்பீட்டை 15,000 வெள்ளியிலிருந்து 60,000 வெள்ளியாக உயர்த்தியது. இவை பாராட்டத் தக்கவை.

ஆனால் பணி முடிந்தால் விசா முடியும். விசா முடிந்தால் காப்பீடும் முடியும். உடல் வலுவாய் இருந்த முப்பது ஆண்டுகள் காப்பீட்டின் நிழல். உடல் தளர்ந்த நாளில் வெட்டவெளி!

எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரின் கதையைச் சொல்லாமல் மேலே செல்ல இயலவில்லை. 1989-இல் வளைகுடா சென்றார். இருபத்தேழு ஆண்டுகள் உழைத்தார். மூன்று தங்கையரைக் கரையேற்றினார். அங்கிருந்த காலத்தில் இதயக் குழாய் அடைப்பிற்குச் சிகிச்சை பெற்றார். ஒரு காசும் செலவில்லை. 2016-இல் ஐம்பத்தொன்பதாம் வயதில் ஊர் திரும்பினார். தனியார் காப்பீட்டிற்கு விண்ணப்பித்தார். இதய நோயைக் காட்டி மறுத்துவிட்டனர். அரசுக் காப்பீட்டிற்கு முயன்றார். மகனின் சம்பளம் வருமான வரம்பைத் தாண்டியது. மறு ஆண்டு மீண்டும் நெஞ்சுவலி. திருச்சியில் அறுவைச் சிகிச்சை நடந்தது. வளைகுடாப் பணத்தில் வாங்கிய முந்திரிக் கொல்லை, ஒரு வாரத்தில் கைமாறிற்று. "தம்பி, இருபத்தேழு வருசம் சேர்த்ததை இருபத்தேழு நாள்ல கரைச்சிட்டேன்" என்று அவர் என்னிடம் கூறியபோது, ஆறுதல் சொல்ல எனக்கு ஒரு சொல்லும் கிட்டவில்லை.

அரசுகள் செய்ததும் செய்யாததும்

இந்திய அரசு ஒன்றும் செய்யவில்லை என்று கூறுதல் நேர்மையாகாது. 2003-இல் பிரவாசி பாரதிய பீமா யோஜனா கொண்டுவரப்பட்டது. குடியேற்ற அனுமதி பெற்று வேலைக்குச் செல்வோர்க்கு அது கட்டாயம். இரண்டாண்டுக்கு 275 ரூபாயும், மூன்றாண்டுக்கு 375 ரூபாயும், வரி நீங்கலாகக் கட்டணம். விபத்தில் உயிரிழந்தாலோ நிரந்தரமாக முடமானாலோ 10 இலட்சம் ரூபாய் கிடைக்கும். ஆயினும் ஐம்பது வயது கடந்தோர்க்கும், மூன்றாண்டுக்கு மேல் வெளிநாட்டில் வாழ்ந்தோர்க்கும் குடியேற்ற அனுமதி தேவையில்லை. அனுமதி தேவையில்லை எனவே கட்டாயமும் இல்லை. வயது ஏற ஏற, காப்பு விலகிச் செல்லும் விந்தையைக் காண்மின்!

திரும்பி வருவோரின் சேமிப்பிற்கும் ஓய்வூதியத்திற்கும் என 2012-இல் மகாத்மா காந்தி பிரவாசி சுரக்ஷா யோஜனா தொடங்கப்பட்டது. சேர்ந்தோர் மிகக் குறைவு. 2017-இல் அது மூடப்பட்டது. நல்ல விதை, நீரின்றிக் கருகியது.

உள்நாட்டிலோ, தமிழக முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஏழையரின் உயிர் காத்து வருகிறது. அதற்குரிய ஆண்டு வருமான வரம்பு 2022-இல் 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாயாக உயர்ந்தது. 2024 அக்டோபர் 29 அன்று ஒன்றிய அரசு, எழுபது வயது நிறைந்த அனைவர்க்கும் வருமானம் பாராது 5 இலட்சம் ரூபாய்க் காப்பீட்டைத் தொடங்கியது. அதே ஆண்டு ஏப்ரலில், 65 வயதுக்கு மேற்பட்டோர்க்கும் புதுக் காப்பீடு வழங்கப் புதிய விதி வழிசெய்தது. முன்னரே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலமும் நான்கு ஆண்டிலிருந்து மூன்றாகக் குறைந்தது. 2022-இல் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பெற்றது.

இவ்வளவும் இருந்தும் இடைவெளி எங்கே? ஏறத்தாழ அறுபது வயதில் திரும்பும் நடுத்தரக் குடும்பத்தவர், வருமான வரம்பைச் சற்றே தாண்டியவர், எழுபது வயது எய்தும் வரை பத்தாண்டுகள் எந்தக் கூரையின்கீழ் நிற்பார்? நோய்கள் தலைகாட்டுவதும் அப்பத்தாண்டுகளில்தானே!

காப்பீடு கூடுமா?

நம் சமுதாயத்தில் எழும் ஓர் ஐயத்தையும் ஒதுக்கிச் செல்லலாகாது. வட்டியும் நிச்சயமின்மையும் கலந்த காப்பீடு மார்க்கத்திற்கு ஏற்புடையதா என்று பெரியோர் வினவுவர். 1985-இல் ஜித்தாவில் கூடிய அனைத்துலக இஸ்லாமிய ஃபிக்ஹ் பேரவை, வணிகக் காப்பீட்டை ஏற்கவில்லை. ஒருவர்க்கொருவர் உதவும் கூட்டுறவுக் காப்பீட்டை ஏற்றது. மலேசியா 1984-இலேயே தகாஃபுல் சட்டம் இயற்றியது. சவூதியின் 1999-ஆம் ஆண்டுச் சட்டம் 'கூட்டுறவு' என்னும் பெயரைத் தாங்கி நிற்பதும் கருதத்தக்கது. தீர்ப்புக் கூறுதல் ஆலிம் பெருமக்களின் பணி, என் பணியன்று. ஆனால் ஐயத்தைக் காரணம் காட்டி வாளாவிருத்தல் தீர்வாகாது. பலர் சேர்ந்து ஒருவரின் துன்பத்தைத் தாங்குதல் நமக்குப் புதிய கருத்தும் அன்று.

செய்யத்தக்கவை

முதலாவதாக, வெளிநாட்டில் முதலாளி வழிக் காப்பீட்டில் கழித்த ஆண்டுகளை உள்நாட்டுக் காப்பீட்டின் காத்திருப்புக் காலத்தில் கழித்தல் வேண்டும். இந்திய நிறுவனம் ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு மாறுவோர்க்கு இவ்வுரிமை ஏற்கெனவே உண்டு. கடல் கடந்தவர்க்கு மட்டும் ஏன் அது மறுக்கப்பட வேண்டும்?

இரண்டாவதாக, 2003-ஆம் ஆண்டுத் திட்டத்தை ஐம்பது வயது கடந்தோர்க்கும் நீட்டித்து, ஊர் திரும்பிய பின்னும் சில ஆண்டுகள் தொடரச் செய்தல் வேண்டும். கேரள அரசு வெளிநாடு வாழ் தன் மக்களுக்கென 2025-இல் 'நோர்க்கா கேர்' என்னும் மருத்துவக் காப்பீட்டைத் தொடங்கியது. ஜனவரி 12-ஐ அயலகத் தமிழர் நாளாகக் கொண்டாடும் தமிழகம், திரும்பி வந்த தமிழரையும் உள்ளடக்கி அதனினும் ஒரு படி மேலே செல்லலாம்.

மூன்றாவதாக, நம் கையில் உள்ளது. வெளிநாட்டில் இருப்போர், முதலாளி தரும் காப்பீட்டோடு நில்லாமல், நாற்பத்தைந்து வயதிற்குள் உள்நாட்டிலும் ஒரு காப்பீடு தொடங்குதல் நன்று. நோயை மறைத்து விண்ணப்பித்தல் ஆகாது. மறைத்த நோயே பின்னர் மறுப்பிற்குக் காரணமாகும். திருமண மண்டபத்திற்குச் செலவிடும் தொகையில் சிறு பகுதி போதும். ஊர் ஜமாஅத்துகளும் சங்கங்களும், புதிதாய்த் திரும்பிய முதியோரின் முதலாண்டுக் கட்டணத்திற்குத் துணை நிற்கலாம்.

மாணவச் செல்வங்களே! உங்களுள் பலர் அயல்நாட்டுப் பணத்தில் படிப்பவர்கள். உங்கள் தந்தையரின் காப்பீட்டு அட்டை எந்நாளில் முடிகிறது என்று இன்றே கேட்டறியுங்கள். வருமானச் சான்றிற்கும் காப்பீட்டு விண்ணப்பத்திற்கும் அலையும் முதியவர்க்கு ஒரு மணி நேரம் உடன் சென்று உதவுங்கள். வள்ளுவர் வகுத்த நான்காம் உறுப்பாகிய உடனிருந்து பணி செய்பவர் நீங்களே.

அயல்நாடு நம்மவரின் உழைப்பைப் பெற்றது; வீடு அவர்தம் பொருளைப் பெற்றது. அவர்தம் முதுமையை மட்டும் ஏற்க ஆளில்லை என்னும் பழி நம் ஊருக்கு வேண்டாம். விற்றுப்போன அந்த முந்திரிக் கொல்லையைக் கடந்து செல்லும்போதெல்லாம் அந்நினைவே என்னை உறுத்துகிறது.